பதினொரு பேரின் ஒரே விடை

அத்தியாயம் 17

2025 செப்டம்பர் 11, வியாழக்கிழமை. காலை முதல் வானம் மூட்டமாக இருந்தது. காற்று சிறிதும் அசையவில்லை. பிற்பகலில் கனத்த மழை பெய்யக்கூடும் என்று வானொலியில் அறிவித்திருந்தார்கள்.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலுள்ள மாடியில் ஒன்பது ஆண்டுகளாகப் பிரத்தியேக வகுப்பு நடத்திவரும் குமுதா, அன்று எட்டு மணிக்கே கதவைத் திறந்துவிட்டாள். வகுப்பு பிற்பகல் இரண்டரைக்குத்தான். ஆயினும் வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலிகளை வரிசைப்படுத்தினாள். வெண்பலகையைத் துடைத்தாள். துடைத்த பலகையை மறுபடியும் துடைத்தாள்.

திங்கட்கிழமை வந்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அருகிலுள்ள இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தினருக்கு நடந்த முன்னோட்டச் சோதனையில், கணிதத் தாளின் ஒன்பதாம் கேள்வி இது: ஒரு செவ்வக நிலத்தின் சுற்றளவு 40 மீட்டர்; பரப்பளவு 196 சதுர மீட்டர்; நீளத்தையும் அகலத்தையும் காண்க.

காண முடியாது. நாற்பது மீட்டர் வேலிக்குள் எந்தச் செவ்வகத்தை அடைத்தாலும் பரப்பளவு நூறைத் தாண்டாது. கேள்வியே பிழையானது. மாணவர்களுள் பெரும்பாலோர் எதையோ கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டனர். பதினொருவர் மட்டும் நீளம் பன்னிரண்டு, அகலம் எட்டு என்று எழுதியிருந்தனர். பரப்பளவு 96 ஆக இருந்தால் மட்டுமே வரக்கூடிய விடை அது.

தாளில் இல்லாத ஓர் எண்ணுக்குப் பதினொருவர் எவ்வாறு ஒரே விடையை எழுத முடியும்? அந்தப் பதினொருவரும் குமுதாவின் மாணவர்கள். தாளைத் தயாரித்த கணித ஆசிரியை சந்திரிகாவோ குமுதாவின் கணவர் ஜெயராஜின் தங்கை.

துணைத் தலைமையாசிரியை ஜன்னத் அதிகம் பேசவில்லை. வியாழன் மாலை ஐந்து மணிக்குள் குமுதாவிடமிருந்து எழுத்துப்பூர்வமான விளக்கம் வரவேண்டும் என்றார். வராவிட்டால் பதினொருவருக்கும் கணிதத்தில் சுழியம். தாள் கசிவில் பங்கு என்று அவரவர் கோப்பில் ஒரு குறிப்பும் ஏறும்.

குமுதாவுக்குக் கேள்வியைக் கண்ட கணமே விளங்கிவிட்டது. அது அவளுடைய சொந்தப் பயிற்றியில், அவளே தொகுத்த பயிற்சி நூலில், உள்ள கேள்வி. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவள் தட்டச்சு செய்தபோது 96க்கு முன்னால் ஓர் ஒன்று தவறுதலாக விழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பக்கம் வரும்போது, “அந்த ஒண்ண அடிச்சிடுங்க” என்பாள், பிள்ளைகளும் அடித்துவிடுவார்கள். கோப்பைத் திருத்த வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாக நினைத்தாள். நினைத்ததோடு சரி.

ஆகவே தன் பயிற்றியிலிருந்து சந்திரிகா கேள்வியை எடுத்துவிட்டாள் என்று குமுதா தீர்மானித்திருந்தாள். நாத்தனார் தானாக வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்று மூன்று நாள் வாய் திறவாமல் காத்திருந்தாள்.

பதினொன்றரைக்குச் சந்திரிகா வந்தாள். அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

“அண்ணி, மொதல்ல தண்ணி குடுங்க. பார்க்கிங்கே இல்ல, காடிய அந்தக் கோடியில விட்டுட்டு நடந்து வரேன்.”

மூலையில் நகல் இயந்திரத்தருகே தாள்களைப் பின்னடித்துக்கொண்டிருந்த குமுதாவின் மகள் சுபாஷினி, அத்தையைக் கண்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். இருபது வயது, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணலுக்காகக் காத்திருந்தவள். டியூஷன் மையத்தின் தட்டச்சு, நகல் வேலைகள் அனைத்தும் அவள் பொறுப்பு.

சந்திரிகா தண்ணீரைக் குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மலாய் மொழியில் நேர்த்தியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கீழே குமுதாவின் பெயர். அதற்கு மேல் கையெழுத்துக்கான இடம்.

“இதுல ஒரு சைன் போட்டுடுங்க.”

குமுதா படித்தாள். யாருடையது என்று தெரியாத ஒரு டெலிகிராம் குழுவிலிருந்து மையத்துக்குக் கேள்விகள் கிடைத்தனவாம். அவை பள்ளியின் கேள்விகள் என்பது அவளுக்குத் தெரியாது என்றிருந்தது.

“டெலிகிராமா? என் போன்ல டெலிகிராமே இல்லையே சந்திரி.”

“இல்லன்னா என்ன அண்ணி, போடுறதுக்கு ஒரு நிமிஷம் லா.”

“அப்ப பதினொரு பிள்ளைங்க?”

“ஸ்கூல் ட்ரையல்தானே. பெரிய பரீட்சை எஸ்.பி.எம். இன்னும் இருக்கு. மார்க் கோசோங்னு சுழியம் விழுந்தா ரெண்டு நாள் அழுவாங்க, மூணாம் நாள் மறந்துடுவாங்க. என்னோட இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் போச்சுன்னா எவன் லா திருப்பிக் குடுப்பான்?”

“அதுல ஒருத்தி ரூபினி, அந்த ரிசல்ட்ட வெச்சுத்தான் காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடப் போறா. பைல்ல திருட்டுன்னு எழுதிட்டா யாரு சேத்துப்பா?”

சந்திரிகா மூச்சை இழுத்து விட்டாள். “நீங்க என்ன செஞ்சீங்கன்னு நான் கேக்கல அண்ணி. மூணு நாளா ஒரு வார்த்த கேக்கல. அண்ணன் பொண்டாட்டின்னு அந்த மரியாதைய நான் குடுக்கிறேன். நீங்க ஒரு சைன் குடுக்கக் கூடாதா?”

குமுதாவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது கடிதத்தைத் தள்ளிவைத்தாள்.

“நான் என்ன செஞ்சேன்? என் பயிற்றியிலேர்ந்து கேள்விய எடுத்து உன் தாள்ல போட்டது நீ. இப்ப நான் திருடின்னு என்னையே கையெழுத்துப் போடச் சொல்ற!”

“உங்க பயிற்றியா? அதை நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல. டியூஷன் பேப்பர எடுத்துப் போடுற அளவுக்கு நான் எறங்கிட்டேனா?”

அலமாரியைத் திறந்து, திருத்துவதற்காக ரூபினி விட்டுச்சென்றிருந்த பயிற்சிப் புத்தகத்தைக் குமுதா எடுத்தாள். பக்கத்தின் தலைப்பில் தேதி எழுதாத பிள்ளையின் கணக்கை அவள் திருத்துவதில்லை. இது அந்த மையத்தில் சேரும் முதல் நாளிலேயே சொல்லப்படும் விதி. பக்கம் விரிந்தது. 17 ஏப்ரல் 2025. அதே செவ்வக நிலம். 196இல் ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. விடை: 12, 8. கீழே குமுதாவின் சிவப்புச் சுருக்கொப்பம்.

“தாள எப்ப எழுதின?”

“ஜூலை கடைசியில.” சந்திரிகாவின் குரல் இறங்கியது. பக்கத்தை இருமுறை படித்தாள். “அண்ணி, இந்த மூணு நாள் பதட்டத்துல கேள்விய நான் முழுசா வாசிக்கவே இல்ல. நான் எழுதின ஒன்பதாம் கேள்வி இது இல்லவே இல்ல. என்னோடது படம் வெச்ச கேள்வி. ஒரு நீச்சல் குளம், அதச் சுத்தி நடைபாதை. கையால வரைஞ்சு…”

அவள் சொல்லி முடிக்கவில்லை. மூலையில் பின்னடிக்கும் ஓசை எப்போதோ நின்றுபோயிருந்தது. இரு பெண்களும் ஒருசேரத் திரும்பினார்கள்.

“படம் வரைய வரல அத்தை,” என்றாள் சுபாஷினி.

குமுதா மகளைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். “இவளுக்கும் உன் தாளுக்கும் என்ன சம்பந்தம்?”

சுபாஷினிதான் சொன்னாள்.

“அத்தைதான்மா டைப் பண்ணித் தரச் சொன்னாங்க. கையெழுத்துத் தாள் குடுத்தாங்க. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க. எல்லாம் அடிச்சிட்டேன், அந்த ஒன்பதாம் கேள்வி படம் மட்டும் சரியா வரவே இல்ல. கோடு ஒரு பக்கம் போவுது, எழுத்து ஒரு பக்கம் போவுது. அத்தைக்கு மூணு தடவ போன் அடிச்சேன். எடுக்கல. அப்புறம் மெசேஜ் போட்டாங்க.”

“என்னன்னு?”

“‘மீட்டிங்ல இருக்கேன், நீயே பாத்துக்கோ லா’ன்னு. நம்ம போல்டர்ல அதே மாதிரி நீளம் அகலம் கேள்வி ஒண்ணு இருந்துச்சு. படம் இல்லாதது. எடுத்துப் போட்டுட்டேன்.”

“அது தப்பான கேள்வின்னு தெரியாதா?”

“நான் உங்ககிட்ட கணக்குப் படிச்சது நாலு வருஷத்துக்கு முன்னாடிம்மா. மறந்துட்டேன்.”

“எங்க வெச்சு அடிச்ச?”

“இங்கதான்.” சுபாஷினி சுவரோரம் இருந்த கணினியைப் பார்த்தாள். “இதுலதான்.”

குமுதா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பள்ளியின் சோதனைத் தாள் இந்தக் கூரையின் கீழ் இருந்திருக்கிறது. அதற்குப் பத்தடி தூரத்தில் நின்று அவள் அந்தப் பிள்ளைகளுக்கே பாடம் நடத்தியிருக்கிறாள். கேட்பவர் எவர் நம்புவார்?

“குடுக்கிறதுக்கு முன்னாடி நீ படிச்சுப் பாக்கலையா சந்திரி?”

“நான் எழுதின தாள் தானே அண்ணி. அதுல என்னத்த படிக்கிறது?” என்ற சந்திரிகா, முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். “நேத்தே நான் ஜன்னத் டீச்சர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். இந்தத் தாள என்னத் தவிர வேற யாரும் தொடலன்னு. இப்ப இவ டைப் பண்ணான்னு வந்தா, தாள வெளியாள்கிட்ட குடுத்தது ஒரு குத்தம். பொய்க் கடிதாசி குடுத்தது இன்னொரு குத்தம்.”

எழுந்தபோது சந்திரிகா டெலிகிராம் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

“அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. அண்ணன்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.”

அண்ணன் பத்து காவான் என்னும் ஊரில் மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தார். அவருக்கு ஓய்வு நேரம் ஒன்று பத்துக்குத்தான் வரும். தொலைபேசியில் மனைவி சொன்னதை எல்லாம் உணவகத்தின் இரைச்சலுக்கு நடுவே கேட்டு முடித்தார்.

“ஏழு மணிக்கு நான் வந்துடுவேன் குமுதா. உக்காந்து பேசிக்கலாம்.”

“அஞ்சு மணிக்குக் கடைசிங்க.”

“ஒரு நாள் தள்ளிக் கேளு.”

“கேட்டாச்சு. முடியாதுன்னுட்டாங்க.”

“அது என் தங்கச்சி. இது என் மக. நீ யாரு பேர எழுதினாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு நான் யாரு மூஞ்சப் பாக்கிறது?”

“அந்தப் பதினொரு பிள்ளைங்களோட அம்மா அப்பாவும் ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காருவாங்க இல்ல?”

மணி ஒலித்தது. அவர் உற்பத்தி வரிசைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இணைப்பு துண்டிக்கப்படுவதற்கு முன்பு அவர் எதையோ சொன்னார். அது ‘செய்’ என்பதா ‘செய்யாதே’ என்பதா என்று குமுதாவால் பிரித்தறிய இயலவில்லை. திருப்பி அழைத்தாள், அவர் எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு இருபதுக்கு ரூபினி நனைந்த காலணிகளைப் படியிலேயே கழற்றிவிட்டு மேலே வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பதினொருவருள் மேலும் ஐந்து பேர். வழக்கமாகப் படியேறும்போதே கேட்கும் சிரிப்பு அன்று கேட்கவில்லை.

“டீச்சர், கிளாஸ்ல எல்லாம் எங்களை கசிவு கசிவுன்னு கூப்பிடுறாங்க,” என்றாள் ரூபினி. “பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரும் திரும்ப மாட்டேங்குறோம், கசிவுன்னா ஆறு பேரும் திரும்புறோம்.”

ஒருவன் சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான்.

“ரூபினி, உண்மையச் சொல்லு. தாள்ல நூத்தித் தொண்ணூத்தாறுன்னு போட்டிருந்துச்சே, வாசிச்சியா வாசிக்கலையா?”

“வாசிச்சேன் டீச்சர்.”

“அப்புறம்?”

“நீங்கதானே சொன்னீங்க, அந்த ஒண்ண அடிச்சிடுங்கன்னு. சோதனைத் தாள்லயே பேனாவால அடிச்சிட்டேன்.” சொல்லிவிட்டு ரூபினி தயங்கினாள். “அடிக்கக் கூடாதா டீச்சர்?”

திருடவில்லை என்பதற்கு இதைவிட வெள்ளையான வாக்குமூலம் வேறு இருக்க முடியாது. ஆனால் பதினேழு வயதில் ஒரு பெண், கண் முன்னால் இருக்கும் எண்ணை நம்பாமல் ஐந்து மாதத்துக்கு முன்பு டீச்சர் சொன்ன எண்ணை நம்பியிருக்கிறாள். கேள்வி பிழையா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தான் கற்பித்தது கணிதம்தானா என்ற ஐயம், முதன்முறையாக அவளுக்கு எழுந்தது.

“நாங்க திருடினோமா டீச்சர்?”

“இல்ல. எல்லாரும் கணக்குப் புத்தகத்த மேசையில வைங்க. மத்த அஞ்சு பேருக்கும் போன் போடு. மூணரைக்குள்ள புத்தகம் இங்க வரணும். மழன்னு சொன்னா கொடைன்னு சொல்லு.”

வகுப்பு நடந்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் பழைய கணக்குகளைச் செய்துகொண்டிருக்க, குமுதா பின் மேசையில் கடிதம் எழுதினாள். எண்கள் பழகிய கை. சொற்கள் எளிதில் வசப்படவில்லை. கேள்வி தன் பயிற்றியில் உள்ளது, ஏப்ரலிலேயே நடத்தப்பட்டது, புத்தகங்களில் தேதி உள்ளது. இதுவரை பேனா ஓடியது. அந்தக் கேள்வி பள்ளித் தாளுக்குள் எப்படி வந்தது என்ற இடத்தில் நின்றுவிட்டது.

சுபாஷினி பின்னால் வந்து நின்றாள்.

“என் பேரு வேணாம்மா. புத்தகத்த மட்டும் குடுங்க. புள்ளைங்க தப்பிச்சிடும்ல?”

“புள்ளைங்க தப்பிக்கும். உங்க அத்தை மாட்டுவா. தாள்ல அவ பேருதான் இருக்கு. நான் எழுதலன்னா, அண்ணி பயிற்றியத் திருடினான்னு அவ தலையில விழும்.”

“அவங்க மட்டும் என்ன, உங்கள டெலிகிராம்காரின்னு எழுதிக் குடுக்கல?”

“அவ எழுதினா நானும் எழுதணுமா?”

“அப்ப நீங்க டைப் பண்ணதா போடுங்களேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.”

குமுதா அதையும் எண்ணிப் பார்க்காமல் இல்லை. காலை முதல் அவள் மனம் சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் நின்றது. மகளின் பழியைத் தாய் தூக்கிக்கொள்வது எளிது. ஆனால் பாடம் நடத்துகிறவளே பள்ளித் தாளைத் தட்டச்சும் செய்தாள் என்று எழுதினால், அதற்குப் பிறகு எத்தனை தேதியைக் காட்டினாலும் எவர் நம்புவார்? பதினொரு பேரையும் அவளே தன் கையால் தள்ளிவிட்டதாகும். இந்தச் சுமையைத் தூக்கத் தாய்க்கே தகுதியில்லை.

அவள் அதை மகளிடம் மெதுவாக விளக்கினாள். சுபாஷினி இறுதிவரை கேட்டாள்.

“நேர்காணல்ல கேப்பாங்கம்மா. எல்லாத்தையும் தேடிப் பாப்பாங்க,” என்றாள். பிறகு நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, ஒன்றும் வைக்காமல் மூடினாள். “டீச்சர் ஆகணும்னு நானா கேட்டேன்? நீங்கதானே போடச் சொன்னீங்க.”

குமுதா கடிதத்தின் பக்கம் திரும்பினாள். மகளின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெற்றிடம் விட்டு, மீதியை எழுதி முடித்துக் கையெழுத்திட்டாள். பதினொன்றாவது புத்தகம் மூன்று ஐம்பதுக்கு வந்தது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, புத்தகங்களை நெகிழிப் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, நாலேகாலுக்குக் கீழே இறங்கினாள். சுபாஷினி உடன் வரவில்லை, தடுக்கவும் இல்லை.

மழையில் சாலை நெரிசலாக இருந்தது. பள்ளி அலுவலகத்தை அவள் அடைந்தபோது நாலரை ஆகியிருந்தது. குமாஸ்தாக்கள் மேசைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தனர். உள்ளறையில் ஜன்னத் தனியாக இருந்தார். சூலியா தெருவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். மாணவர்களிடம் மலாயில் பேசினாலும் பெற்றோரிடம் தமிழில்தான் பேசுவார்.

“நனைஞ்சுட்டீங்களே. உக்காருங்க.”

“புத்தகம் நனையல டீச்சர்.”

ஜன்னத் பதினொரு புத்தகங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவசரப்படவில்லை. தேதியைப் பார்த்தார், அடிக்கப்பட்ட ஒன்றைப் பார்த்தார், சிவப்புச் சுருக்கொப்பத்தைப் பார்த்தார். ஏழாவது புத்தகத்தில் ஒரு மாணவன் ஒன்றை அடித்துவிட்டு அருகில் ‘டீச்சர் தவறு’ என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்திருந்தான். ஜன்னத்தின் உதட்டோரம் இலேசாக அசைந்தது.

பிறகு கடிதத்தை எடுத்துப் படித்தார். வெற்றிடத்தில் விரல் நின்றது.

“இங்க பேர் இல்லையே.”

“வேணுமா டீச்சர்?”

“பேர் இல்லாத கடிதாசிய நான் வாங்க முடியாதும்மா. நாளைக்கு அந்த வெத்து எடத்துல எவரும் எதையும் எழுதலாம்.”

குமுதா பேனாவை எடுத்தாள். அந்தப் பெயரை அவள் எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறாள்: பிறப்புப் பதிவில், பள்ளிச் சேர்க்கையில், ஊசி போடும் அட்டையில், கடைசியாக ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்தில். சுபாஷினி ஜெயராஜ், என் மகள் என்று எழுதினாள். என் மகள் என்பதை எவரும் கேட்கவில்லை.

ஜன்னத் மேசை இழுப்பறையைத் திறந்து மதிப்பெண் பட்டியலை எடுத்தார். பதினொரு பெயர்களுக்கு நேராகப் பென்சிலால் சுழியம் இடப்பட்டிருந்தது. அவர் அழிப்பானை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தார். குமுதா வாய்க்குள் எண்ணினாள். பதினொன்று. தாளில் உதிர்ந்த துகள்களை ஜன்னத் ஊதித் தள்ளினார்.

“புள்ளைங்க மேல இனி ஒண்ணும் இல்ல. திருத்தின மார்க்கே நிக்கும். மத்தது நாளைக்குத் தலைமையாசிரியர் முன்னாடி.”

ஜன்னத் கடிதத்தில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் குத்தி, அதை வைப்பதற்காகத் தட்டை அருகில் இழுத்தார். தட்டில் ஏற்கெனவே ஒரு பழுப்பு உறை கிடந்தது. ஒட்டப்பட்ட உறை, மேலே சாய்வான, இறுக்கமான எழுத்து. இருபது ஆண்டுகளாகத் தீபாவளி அட்டைகளில் பார்த்துவரும் எழுத்தைக் குமுதாவால் தலைகீழாகவும் படிக்க முடியும்.

“சந்திரிகா இங்க வந்தாளா?”

“மூணே காலுக்கு வந்தாங்க. நேத்து குடுத்ததத் திருப்பி வாங்கிட்டு, இதக் குடுத்துட்டுப் போனாங்க.”

“இதுல என்ன எழுதியிருக்கா?”

“ஒட்டிக் குடுத்தத நான் பிரிக்கல. ரெண்டையும் நாளைக்குத்தான் ஒப்பிட்டுப் பாப்போம்.” ஜன்னத் குமுதாவின் கடிதத்தை அந்த உறையின் மேல் வைத்தார். “ரெண்டும் ஒண்ணையே சொன்னா உங்க வீட்டுக்கு நல்லது. இல்லன்னா, யாரு சொல்றது உண்மைன்னு உங்க மகளக் கூப்பிட்டுக் கேக்க வேண்டி வரும்.”

முத்திரையின் ஈரம் இன்னும் காயவில்லை. அதில் குமாஸ்தா கையால் எழுதும் நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. ஜன்னத் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, தாமே அதை நிரப்பினார்.

மாலை மணி நான்கு ஐம்பத்திரண்டு.